நெகிழ் உலோகப் புகைக்குழாய் காப்புரிமைத் தகராறு: தீர்ப்பு எந்த இடத்தில் திரும்பும்?

கேள்வியின் சாரம் இதுதான். வாகனப் புகைக்குழாயில் பொருத்தப்படும் நெகிழ் உலோக இணைப்பைத் தயாரிக்கும் ஒரு நிறுவனம், பெல்லோஸ் எனப்படும் மடிப்புக் குழாய்க்கும் அதன் உள்ளே செல்லும் இன்டர்லாக் லைனர் என்ற உட்குழாய்க்கும் இடையில், இரு முனைகளிலும் மீள்தன்மையுள்ள ஒரு தனி வளையத்தை வைத்து, இரண்டும் உரசிக்கொள்ளாமல் விலக்கி நிறுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறது. போட்டி நிறுவனமோ ஒரு முனையில் மட்டும் கம்பிவலை வளையத்தை வைத்து, மறுமுனையில் லைனரின் விளிம்பையே சற்று விரித்து, அதே வேலையை வாங்கிக்கொள்கிறது. இது மீறல்தானா, வழக்கு வந்தால் நீதிமன்றம் இதை எப்படி அணுகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு குழாய்களும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், காப்புரிமை வைத்திருப்பவரின் நிலை அவர் நினைக்கும் அளவுக்கு வலுவானதன்று. இந்த வழக்கில் குழாய்களின் தோற்றத்தைவிட, ‘தனி வளையம்’, ‘இரு முனைகளிலும்’ என்ற இரண்டு சொற்றொடர்களே அதிகம் பேசும். அந்தச் சொற்களை நெகிழ்த்தி வாசித்தால் போட்டியாளர் அகப்படுவார்; ஆனால் அதே நெகிழ்வான வாசிப்பில், பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பழைய குழாய்களும் சேர்ந்து அகப்படும்; அப்போது காப்புரிமையே செல்லாமல் போகும்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் முடுக்கும்போதும் வேகம் குறைக்கும்போதும் அசைகிறது. முன்சக்கர இயக்க வாகனங்களில் எஞ்சின் பெரும்பாலும் குறுக்காகப் பொருத்தப்படுவதால் அந்த அசைவு புகைக்குழாயை நேரடியாக வளைக்கிறது. வாகனத்தின் அடியில் தொங்கும் மீதிக் குழாய்க்கு அந்த அசைவு போய்ச் சேரக் கூடாது. வெப்பத்தால் ஏற்படும் நீட்சியும் இதோடு சேர்கிறது: ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 600 பாகை செல்சியஸ் சூடேறினால், ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். இவ்வளவையும் தாங்கும் பொறுப்பு பெல்லோஸ் மீது விழுகிறது. அதன் சுவர் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு தடிமனே உள்ள தகடு. அதையும் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளாகச் செய்கிறார்கள். தகட்டின் வளைவு எதிர்ப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப ஏறுவதால், இருமடங்கு தடிமனான ஒற்றைத் தகடு எட்டு மடங்கு விறைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக நழுவும் இரண்டு மெல்லிய தகடுகள் இரண்டு மடங்குதான் விறைக்கும்.

பெல்லோஸின் உள்ளே இருக்கும் லைனர், விளிம்பு மடித்த உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றின் விளிம்பைக் கவ்வும்படி செய்யப்பட்டது. அது முழுமையாக வாயுவைத் தடுக்காது. அது பெல்லோஸின் வேலை. சூடான வாயு பெல்லோஸின் மடிப்புகளில் நேராக மோதாமலும், மடிப்புகளின் மேல் ஓடும் வாயு சீழ்க்கை போன்ற ஒலி எழுப்பாமலும் பார்த்துக்கொள்வதே லைனரின் பணி. வெளியே இருக்கும் கம்பிப் பின்னல் உறை, பெல்லோஸ் அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, தெறிக்கும் கற்களையும் தடுக்கிறது. இந்த மூன்று பாகங்களும் சேர்ந்து அதிரும்போது லைனர் பெல்லோஸின் உள்மடிப்புகளைத் தட்டும். முதலில் கடகடவென்ற சத்தம் வரும், பிறகு தேய்மானம், கடைசியில் ஓட்டை. ஆகவே இரண்டையும் விலக்கி நிறுத்த வேண்டும் என்பது இந்தத் துறையில் குழாய் செய்யும் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட தேவை. வழக்கில் இந்த உண்மைக்குப் பெரிய எடை உண்டு, ஏனென்றால் சிக்கலைக் கண்டுபிடித்த பெருமையைக் காப்புரிமையாளர் கோர முடியாது. தீர்வு மட்டுமே அவருடையதாக இருக்க முடியும்.

அடுத்து, ‘வடிவமைப்புக்குக் காப்புரிமை’ என்று பேச்சில் சொல்வது இரண்டு வேறு உரிமைகளைக் குறிக்கக்கூடும். பாகம் இயங்கும் விதத்துக்குத் தரப்படும் காப்புரிமை ஒன்று. பொருளின் புறத்தோற்றத்துக்குத் தரப்படும் வடிவமைப்புப் பதிவு இன்னொன்று. நெகிழ் புகைக்குழாய்க்கு இரண்டாவது வகை பெரும்பாலும் உதவாது. தொழில்நுட்பத் தேவை மட்டுமே தீர்மானித்த வடிவத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வடிவமைப்புப் பாதுகாப்பு கிடையாது என்பதை, பற்றவைப்பில் பயன்படும் மையப்படுத்தும் ஊசிகள் பற்றிய டோசெராம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் தெளிவாக்கியது. அங்கே இன்னொரு தடையும் உண்டு: பல பாகங்கள் சேர்ந்த பொருளில் பொருத்தப்படும் பாகம், வழக்கமான பயன்பாட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மிதிவண்டி இருக்கையின் அடிப்பக்கம் பற்றிய வழக்கில் 2023-ல் அந்த ‘வழக்கமான பயன்பாடு’ என்ற சொல்லுக்குச் சற்று விரிந்த பொருள் கிடைத்தது என்றாலும், பின்னல் உறைக்குள்ளும் பெல்லோஸுக்குள்ளும் மறைந்து கிடக்கும் வளையத்தை எந்த விரிவும் வெளியே கொண்டுவந்துவிடாது. எனவே உங்கள் தகராறை முதல் வகைக் காப்புரிமையாகவே எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பதே அதன் பொதுவான ஆயுள்.

காப்புரிமை ஆவணத்தில் நீண்ட விளக்கமும் வரைபடங்களும் இருந்தாலும், எல்லையை வரைவது கடைசியில் வரும் உரிமைக்கோரல்களே. நிலப்பத்திரத்தில் நிலத்தின் அழகை எவ்வளவு வருணித்திருந்தாலும் நான்கு எல்லையே செல்லுபடியாவதைப் போன்றது இது. மீறல் என்று சொல்ல, உரிமைக்கோரலில் உள்ள ஒவ்வொரு கூறும் எதிராளியின் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேரடி மீறல் இல்லை. அமெரிக்காவில் அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்வது நடுவர் குழுவின் வேலையன்று, நீதிபதியின் வேலை என்று 1996-ல் மார்க்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன் பிறகு அங்கே பாதி வழக்குப்போர் சொற்பொருள் விசாரணையிலேயே நடந்துவிடுகிறது.

உங்கள் வழக்கில் போட்டியாளரின் குழாயை நெடுக்காக அறுத்து வைத்துப் பார்த்தால், ஒரு முனையில் கம்பிவலை வளையம் இருக்கிறது. அது தனியானது, மீள்தன்மை உள்ளது, இரண்டு குழாய்களையும் விலக்கி நிறுத்துகிறது. அந்த முனையில் வாதாட ஒன்றுமில்லை. மறுமுனையில் தனி வளையம் என்று எதுவும் இல்லை. லைனரின் உடம்பே அங்கே விரிந்திருக்கிறது. ஆகவே எழுத்தின்படி மீறல் இல்லை. காப்புரிமையாளரின் வழக்கறிஞர் உடனே சமானக் கோட்பாட்டைக் கையில் எடுப்பார்: எழுத்து மாறினாலும், அதே வேலையை அதே முறையில் செய்து அதே பலனைத் தருகிறதே என்பார்.

இந்த வாதத்தை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. கதவு, சன்னல்களுக்கு மேலே வைக்கும் எஃகு உத்தரம் தொடர்பான காட்னிக் வழக்கில், உரிமைக்கோரல் பின்தகடு ‘செங்குத்தாக’ நிற்க வேண்டும் என்றது. எதிராளி அதை ஒரு மாதிரியில் 6 பாகையும் இன்னொன்றில் 8 பாகையும் சாய்த்திருந்தார். அந்தச் சாய்வால் சுமைதாங்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு மிகச் சொற்பம் என்பதால், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1980-ல் அதை மீறல் என்றே சொன்னது. அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 2017-ல் ஆக்டாவிஸ் வழக்கில் சமானங்களுக்கு இன்னும் வெளிப்படையாகவே இடம் கொடுத்தது. ஆனால் சாய்ந்த தகடும் தகடுதான்; இல்லாத வளையம் வளையமாகாது. 1997-ல் வார்னர்-ஜென்கின்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சமானத்தைப் பொருள் முழுவதற்கும் மொத்தமாகப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், எந்தக் கூறும் அடியோடு மறைந்துவிடக் கூடாது என்று வரையறுத்தது. லைனரின் விரிந்த விளிம்பை ‘தனி வளையத்துக்கு’ சமானம் என்றால், ‘தனி’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகும்.

உங்கள் தகராறுக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் ஃபெஸ்டோ வழக்கு. காந்தத்தால் இழுக்கப்படும் உருளைக் கருவி ஒன்றில் இரண்டு அடைப்பு வளையங்கள் இருக்க வேண்டும், வெளிச்சட்டை காந்தமாகும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று உரிமைக்கோரல் கூறியது. எதிராளி இரண்டுக்குப் பதிலாக ஒரே வளையத்தையும், காந்தமாகாத உலோகச் சட்டையையும் பயன்படுத்தினார். விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தபோது விண்ணப்பதாரரே அந்த வரம்புகளைச் சேர்த்திருந்ததால், அவர் விட்டுக்கொடுத்த பகுதியைச் சமானம் என்ற பெயரில் திரும்பப் பெற முடியாது என்ற வலுவான அனுமானம் எழும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. எதிர்பார்க்க முடியாத மாற்று போன்ற சில விலக்குகளை அது விட்டுவைத்தது. ஆனால் பின்னர் கீழமை நீதிமன்றங்களில் காப்புரிமையாளரான ஃபெஸ்டோ நிறுவனத்துக்கு அந்த விலக்குகள் கைகொடுக்கவில்லை. விளிம்பை விரிப்பது குழாய்த் தொழிலில் மிகப் பழைய கைவேலை; அதை எதிர்பார்த்திருக்க முடியாது என்று யாரும் சிரிக்காமல் சொல்ல முடியாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. காப்புரிமையின் விளக்கப் பகுதியிலேயே ‘வளையத்துக்குப் பதிலாக லைனரின் முனையை விரித்தும் செய்யலாம்’ என்று ஒரு வரி இருந்து, உரிமைக்கோரலில் அது இடம்பெறாமல் போயிருந்தால், கோராமல் விட்டது பொதுமக்களுக்குக் கொடுத்ததாகும் என்பதே அமெரிக்காவில் 2002-ன் ஜான்சன் அண்ட் ஜான்ஸ்டன் தீர்ப்பின் நிலை. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் 2011-ல், இதயத் துளை அடைப்புக் கருவி பற்றிய வழக்கில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று விளக்கத்தில் எல்லா மாற்றுகளையும் அடுக்குபவர், கோரலில் கவனம் தவறினால் தன் கையாலேயே தன் வேலியைப் பிடுங்கிவிடுகிறார்.

இனி, காப்புரிமை செல்லுமா என்ற கேள்வி. என் பார்வையில் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கும். நெகிழ் உலோகக் குழாய் புதிய துறையன்று. ஜெர்மனியின் போர்ட்ஸ்ஹைம் நகரில் நகைத் தொழிலில் இருந்த ஹைன்ரிஷ் விட்சென்மன், பிரெஞ்சுப் பொறியாளர் லெவவாஸருடன் சேர்ந்து 1885-லேயே சுருள் உலோகக் குழலைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றார். அன்று முதல் பட்டையின் குறுக்குவெட்டு, மடிப்பின் வடிவம், முனையின் பிடிப்பு ஆகிய ஒவ்வொன்றின் மீதும் ஆவணங்கள் குவிந்திருக்கின்றன. தேடுபவர், காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டுப் பட்டியலில், எஞ்சின் புகைபோக்கிகளுக்கான எஃப் 01 என் வகைப்பாட்டோடு நின்றுவிடக் கூடாது. குழாய்களுக்கும் குழாய் இணைப்புகளுக்குமான எஃப் 16 எல் வகைப்பாட்டில்தான் நீராவிக் குழாய், இரசாயன ஆலைக் குழாய் முதலியவற்றின் பெல்லோஸ் இணைப்புகள் கிடக்கின்றன. லைனர் உரசாமலிருக்க இடையில் ஏதாவது வைக்கும் தீர்வு அங்கே கிடைத்தால், ‘அது நீராவிக்கானது, இது வாகனத்துக்கானது’ என்ற பதில் நெடுநேரம் தாங்காது.

வாகன மிதி ஒன்றில் மின்னணு உணரியைப் பொருத்துவது தொடர்பான கேஎஸ்ஆர் வழக்கில், தெரிந்த பாகங்களைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெறுவது காப்புரிமைக்குப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-ல் கூறியது. பாத்திரங்களைக் கடைசலுக்குப் பிடித்து நிறுத்தும் கருவி பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைச் சொல்லியிருக்கிறது: ஏற்கெனவே உள்ளதன் மேல் செய்யும் மேம்பாடு, பட்டறையில் ஒரு கைத்தேர்ந்த தொழிலாளி செய்யும் திருத்தத்தைவிட மேலானதாக இருக்க வேண்டும். கம்பிவலை வளையம் அதிர்வைத் தணிக்கும் பொருளாக நெடுங்காலமாகத் தெரிந்தது. அதை ஒரு முனையில் வைத்த பழைய குழாய் கிடைத்துவிட்டால், இரு முனைகளிலும் வைத்ததில் என்ன புத்தாக்கம் என்ற கேள்விக்குக் காப்புரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். இரு முனைகளிலும் வைக்கும்போது மட்டும் லைனர் மையத்தில் மிதந்து நின்று, எதிர்பாராத அளவுக்கு ஒலி குறைகிறது என்று அவர் சோதனை முடிவுகளோடு காட்டினால் காப்புரிமை பிழைக்கலாம். ஆனால் அந்த வாதமே ஒரு முனையில் மட்டும் வளையம் வைத்த போட்டியாளரை விடுவித்துவிடும். 1913-ல் பிரிட்டனின் ஜில்லெட் வழக்கில் நீதிபதி மோல்டன் பிரபு தொடக்கிவைத்த தற்காப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே: நான் செய்வது பழையது அல்லது பழையதிலிருந்து வெளிப்படையாகவே கிடைப்பது என்றால், ஒன்று நான் மீறவில்லை, அல்லது உங்கள் காப்புரிமை செல்லாது, எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அச்சில் வந்த ஆவணங்களோடு, விற்கப்பட்ட குழாய்களும் சாட்சிதான். ஒரு பொருள் சந்தைக்கு வந்துவிட்டால், அதைப் பிரித்துப் பார்த்து அறியக்கூடிய உள்ளமைப்பும் பொதுவெளிக்கு வந்ததாகவே ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தன் ஜி 1/92 முடிவிலிருந்து கருதுகிறது. ஆகவே விண்ணப்ப நாளுக்கு முன் சாலைக்கு வந்த ஒரு வாகனத்தின் புகைக்குழாய், தயாரிப்புத் தேதி உறுதியாகத் தெரியும்பட்சத்தில், நூறு பக்க நிபுணர் அறிக்கைக்குச் சமம். ஆனால் வாகன நிறுவனத்துக்கு இரகசிய ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பிய மாதிரிகள் வேறு கதை. ஐரோப்பாவில் அவை பொதுவெளிக்கு வந்தவையாகா. அமெரிக்காவிலோ, கண்டுபிடிப்பாளர் இரகசியமாகவே விற்றிருந்தாலும் அது விற்பனைதான் என்று 2019-ல் ஹெல்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுச் சலுகைக் காலத்துக்கும் முன்பே அந்த விற்பனை நடந்திருந்தால் அவர் காப்புரிமை அங்கே விழும். புதிய வாகனம் சந்தைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே உதிரிபாகத்துக்கான கொள்முதல் ஆணைகள் கைமாறிவிடும் துறை இது. காப்புரிமையாளரின் சொந்த விலைப்பட்டியலே அவருக்கு எதிரான முதல் ஆவணமாக மாறுவது உண்டு.

எந்த மன்றத்தில் இதைச் சொல்வது என்பதும் முடிவைப் பாதிக்கும். அமெரிக்க நீதிமன்றத்தில் காப்புரிமை செல்லாது என்பதைத் தெளிவும் உறுதியும் உள்ள சான்றால் நிறுவ வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்தில் அதைவிடத் தாழ்ந்த சான்றளவே போதும், ஆனால் வழக்கு ஆவணம் கைக்கு வந்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும், அச்சு ஆவணங்களை மட்டுமே காட்டலாம், பழைய குழாயைக் காட்ட முடியாது. ஐரோப்பியக் காப்புரிமை வழங்கப்பட்ட 9 மாதங்களுக்குள் அதற்கு எதிர்ப்பு மனு போக வேண்டும். ஜெர்மனியின் தேசிய நடைமுறையில் மீறலை ஒரு நீதிமன்றமும் செல்லுபடியை மியூனிக்கில் உள்ள கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றமும் தனித்தனியே விசாரிப்பதால், அங்கே காப்புரிமையாளர் உரிமைக்கோரலை ஓரிடத்தில் விரித்தும் மற்றோரிடத்தில் சுருக்கியும் பேச முயல்வார். 2023 ஜூன் 1 முதல் இயங்கும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தில் இரண்டையும் பொதுவாக ஒரே அமர்வே கேட்பதால், மேலே சொன்ன ஜில்லெட் நெருக்கடி அங்கே நன்றாகவே வேலை செய்யும்.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளையத்தின் பங்களிப்பை முழுப் புகைபோக்கி அமைப்பின் விலையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு காப்புரிமையாளருடையது. தரை துடைக்கும் துடைப்பத்தின் தலை ஒன்றைப் பற்றிய 1884-ஆம் ஆண்டு அமெரிக்க வழக்கிலிருந்தே இது நிலைத்த விதி. போட்டியாளரை இதைவிட அச்சுறுத்துவது தடையாணை. வாகன நிறுவனம் ஏற்றுக்கொண்ட பாகத்தில் ஒரு முனையை மாற்றினாலும் ஆயுள் சோதனையை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். பல விநியோக ஒப்பந்தங்களில் காப்புரிமைச் சிக்கலால் வரும் நட்டம் பாகம் தருபவர் தலையிலேயே கட்டப்பட்டிருக்கும். வழக்கில் வெல்லும் வாய்ப்பு இருந்தும் சிலர் உரிமத் தொகை கொடுத்துச் சமாதானமாவதற்குக் காரணம் இதுவே.

உங்கள் விவரத்தில் இல்லாத ஒரு செய்தியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் விண்ணப்பக் கோப்பு யாரும் பார்க்கக்கூடியது. ‘இரு முனைகளிலும்’ என்ற சொல் முதல் நாள் தாக்கலிலேயே இருந்ததா, அல்லது பரிசோதகர் ஒரு பழைய குழாயைச் சுட்டிக்காட்டிய பிறகு சேர்க்கப்பட்டதா என்பதை அதில் பாருங்கள். பிறகு சேர்க்கப்பட்டது என்றால் அமெரிக்காவில் சமானக் கோட்பாடு ஏறக்குறைய மூடிய கதவு. சேர்ப்பதற்குக் காரணமான அந்தப் பழைய குழாய் எது என்ற பெயரும் அதே கோப்பில் இருக்கும். முதல் நாளிலிருந்தே இருந்தது என்றால், வாதம் காட்னிக் பக்கம் சற்றுச் சாயும். அப்போது லைனரின் விரிந்த முனை உண்மையிலேயே மீள்தன்மையோடு அதிர்வைத் தணிக்கிறதா, அல்லது வெறும் இடைவெளி காட்டும் விறைத்த விளிம்பா என்பதை அளந்து பார்க்கும் சோதனைக்கு இரு தரப்பும் தயாராக வேண்டும்.